கல்லீரலுக்குக் கேட்ட மணி

யட்டியாந்தோட்டைக்கு மேலே, ரப்பர் தோட்டத்து வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். அதன் ஓரத்தில் மாரியம்மன் கோயில். காலையும் மாலையும் விளக்கு வைத்து மணி அடிப்பது என் வேலை. மண்சரிவு எச்சரிக்கைக்கும் அதே மணிதான். அதைவிடச் சத்தமான பொருள் தோட்டத்தில் இல்லை. பூசைக்கு மூன்று அடி, ஆபத்துக்கு விடாமல் அடி என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டோம்.

ஒரு மழையில் விடாமல் அடித்தேன். எல்லாரும் ஓடினோம். லயத்தில் இரண்டு காம்பரா வீடுகளை மண் மூடியது. அம்மன் புண்ணியத்தில் உயிர்ச்சேதம் இல்லை.

அதன் பிறகு என் மனைவிக்கு இரத்தத்தில் சீனி இறங்கவில்லை. கண்ணில் பூ விழுந்து ஆள் முகம் தெரியாத நிலை. சீனி கூடுதல் என்று கண் ஒபரேஷனை இரண்டு தடவை தள்ளிப்போட்டார்கள். சோற்றைக் குறைத்தாள். மருந்தும் தவறவில்லை.

கிளினிக்கில் ஒரு முஸ்லிம் டொக்டரம்மா. "வீட்டில என்ன பயம் உங்களுக்கு?" என்று அவளிடம் கேட்டார்.

"பயமெல்லாம் இல்லைங்க. மணி அடிச்சா மட்டும் நெஞ்சு பதறும்."

"எந்த மணி?" என்றேன் நான்.

"நீங்க அடிக்கிறதுதான்."

"அவங்கப்பாவுக்கும் சீனிங்க. பரம்பரைதானே?" என்று டொக்டரிடம் கேட்டேன்.

"மரபணு பரம்பரையா வந்ததுதான் ஐயா. ஆனா எல்லா மரபணுவும் எந்நேரமும் வேலை செய்யாது. பயந்தா மூளை, நரம்பு வழியா உடம்புக்குச் சொல்லும். சில சுரப்புகள் கூடும். அது கல்லீரலுக்குப் போய், சீனி உண்டாக்குற மரபணுவை முடுக்கிவிடும்."

ரப்பர் பால் வெட்டி ஓய்ந்தவள் என் மனைவி. "நான் வேலைய விட்டு மூணு வருசம். என் கல்லீரல் இன்னும் வெட்டுக்குப் போகுதா?" என்றாள்.

எச்சரிக்கைக்கு ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். இனி மணி சாமிக்கு மட்டும் என்று அவளுக்கு விளக்கினேன். மாலை மூன்று அடி அடித்தேன். வீட்டுக்கு வந்தால், அவள் கையில் இருந்த தேத்தண்ணி சேலையில் கொட்டிக் கிடந்தது.

"ஏங்க, புத்திக்குத் தெரியுது. ஒடம்பு கேக்க மாட்டேங்குது" என்றாள்.

முப்பது வருடம் அடித்த மணி. அதன் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டினேன். 'தாயே, சத்தம் இல்லாமலும் நீ வருவாய் என்று நம்பித்தான் செய்கிறேன். குற்றம் என்றால் என்னோடு வைத்துக்கொள், அவள் கண்ணில் வைக்காதே' என்று வேண்டினேன்.

பக்கத்துக் காம்பராக்காரி, "என்ன மாமா, அம்மன் லீவுல போயிருச்சா?" என்று கேட்டாள். "உள்ளேதான் இருக்கு" என்றேன்.

இரண்டு மாதத்தில் சீனி இறங்கியது. "மணியாலதான் என்று சொல்ல ஏலாது, மருந்தும் கூட்டினேனே" என்றார் டொக்டரம்மா. நான் டொக்டரம்மாவுக்கும் அம்மனுக்கும் நன்றி சொன்னேன். ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்தது, நல்லபடியாக முடிந்தது.

கண் கட்டை அவிழ்த்த மறுவாரம் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அம்மன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண் கலங்கியது.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, சாமி தலைக்கு மேல இவ்வளவு ஒட்டடை. தெனமும் இங்கதான் வந்தீங்களா?"

விளக்குமாறு எடுக்கப் போனேன்.