என் ஆமையை நகர்த்தியவன்

பெண் பார்க்கும் சடங்கு என்றால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அதனால் கேளம்பாக்கத்தில், மாப்பிள்ளையின் அக்கா வீட்டில், 'சும்மா ஒரு கேம்' என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, நான் மூவரும் கல்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்துப் போனோம். பையன் நல்ல வேலையில் இருப்பதாகவும், வீடு திரும்புவதற்குள் நான் சரி சொல்லிவிட வேண்டும் என்றும் அம்மா வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தாள்.

பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள். எனக்கும் பையனுக்கும் நடுவே டீப்பாயில் விளையாட்டு. துணிப்பையில் கையை விட்டு ஓர் அட்டைச் சில்லை எடுத்து, முன்பு வைத்ததோடு பொருத்த வேண்டும். அப்படியே காடும் ஏரியும் கடலுமாக ஒரு தீவு விரியும். புதிய இடத்தைக் கண்டவர் அங்கே தன் அட்டைப் பிராணிகளில் ஒன்றை வைக்கலாம். வைத்ததை எடுக்கக் கூடாது. எனக்கு அந்த விளையாட்டு நிஜமாகவே பிடித்திருந்தது.

அவன் மிக்சர் தின்ற விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பிவிட்டு, அதே கையைப் பைக்குள் விட்டான். அடுத்து நான் எடுத்த சில்லு பிசுபிசுத்தது. துப்பட்டாவில் துடைத்தேன். இதற்கெல்லாமா ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்பார்கள், சொன்னால் கேட்டுக்கொள்வான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆமையை ஆளில்லாத ஒரு கரையோரத்தில் வைத்தேன். பெரிதாகப் புள்ளி கிடைக்காது. ஆனால் அந்தப் பக்கமாகக் கடலை நீட்டிப் பார்க்க எனக்கு ஆசை.

"அங்கயா?" என்றான், என்னவோ நான் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டது மாதிரி.

பிசுபிசுப்பு போகக் கை கழுவிவிட்டு வந்தேன். ஆமை ஏரி நடுவில் இருந்தது.

"அங்க வெச்சா உனக்கு வேஸ்ட். நானே மாத்திட்டேன்." 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை.

"எடுக்கக் கூடாதுன்னுதானே ரூல்?"

"உனக்காகத்தானே பண்ணேன்."

நான் அதைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அப்பாவோடு பேசிக்கொண்டே, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவன் மறுபடியும் ஏரிக்கு நகர்த்தினான். கடைசியில் அந்த ஏரிப் புள்ளிகளால் நான்தான் ஜெயித்தேன். அவன் அக்கா கைதட்டி, "தம்பி விட்டுக்கொடுத்துட்டான் பாருங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெயித்து இவ்வளவு அருவருப்பாக நான் உணர்ந்ததே இல்லை. மிக்சர் எச்சில் எவ்வளவோ தேவலாம், அது கழுவினால் போய்விட்டது.

பஸ்ஸில் அம்மா ஆரம்பித்தாள். "இன்னாடி சொல்ற? தான் தோத்துகினு உன்ன ஜெயிக்க வெக்கிறான். இந்த மாதிரி புள்ள எங்க கெடைக்கும்?"

"வேணாம்மா."

"இன்னா கொறச்சல் கீது அவனுக்கு?"

"என் ஆமையை நகத்திட்டான்."

"அட்டை ஆமைக்காகவா ஒரு நல்ல எடத்த வுடுவாங்க?" என்று கத்தினாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அவளுக்கு வேணாம்னா வுடு" என்றார். எனக்கு விருப்பமில்லை என்று, கிளம்பும்போது அவன் கொடுத்த நம்பருக்கு அங்கிருந்தே மெசேஜ் அனுப்பினேன். அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை அவனிடமிருந்து பதில் வந்தது. படித்ததும் போனை அம்மாவிடம் நீட்டினேன். வெங்காயம் நறுக்கிய கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, வாய்விட்டுப் படித்தாள்.

"நீ அவசரப்பட்டு சொல்ற. உனக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். நீ சரின்னு சொல்லிட்டதா எங்க வீட்ல சொல்லிட்டேன். தேதி பாக்கறாங்க. பின்னாடி நீயே தேங்க்ஸ் சொல்லுவ."

இன்னொரு தடவை படித்தாள். இந்தத் தடவை சத்தமில்லாமல். பிறகு போனை என்னிடம் திருப்பிக் கொடுக்காமலேயே கேட்டாள்.

"இவன எப்டிடி பிளாக் பண்றது? எங்க அமுக்கணும், காட்டு."