மைக்ரோகிராம்காரி

நான் லாரி எடை மேடையில் வேலை பார்ப்பவன். இருபது டன், முப்பது டன் என்றுதான் என் பொழுது போகும். ஐந்து கிலோ, பத்து கிலோவையெல்லாம் எங்கள் மேடை சட்டையே செய்யாது. எனக்கு வாய்த்தவளோ குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மருந்து கலப்பவள். ஒரு கிராமை ஆயிரம் கூறு போட்டால் மில்லிகிராம். அதில் ஒரு கூறை மறுபடி ஆயிரம் கூறு போட்டால் மைக்ரோகிராம். கண்ணுக்கே தெரியாத அந்தத் துளியை வைத்துக்கொண்டு பல வருஷமாக என் நிம்மதியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள்.

எந்தக் கணக்கையும் இரண்டு தடவை போடுவாள். மில்லியிலிருந்து மைக்ரோவுக்கு இறங்கி ஒரு தடவை, மைக்ரோவிலிருந்து மில்லிக்கு ஏறி ஒரு தடவை. புள்ளியை மூன்று இடம் தள்ள வேண்டும். ஓர் இடம் பிசகினால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும். இந்த அக்கறையில் பாதியை உப்புப் போடுவதில் காட்டினால் நான் பிழைத்துப்போவேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவள் தோள்பையைக் கூட இறக்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

"இறங்கிப் போட்டேன். ஏறிப் போட்டேனான்னு ஞாபகம் வரல."

மூன்று மாதக் குழந்தைக்கு இதய மருந்து. பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரை ஒன்றில் கால் மில்லிகிராம் இருக்கும், அதாவது இருநூற்றைம்பது மைக்ரோகிராம். அதைப் பொடித்து, பால் சர்க்கரைத் தூள் கலந்து, பத்துப் பொட்டலமாகக் கட்ட வேண்டும். பொட்டலத்துக்கு இருபத்தைந்து மைக்ரோகிராம். ஏறிச் சரிபார்க்கிற நேரத்தில் யாரோ போன் செய்திருக்கிறார்கள்.

"வேலை நேரத்துல எவன் அது?" என்றேன்.

முறைத்தாள். மூக்குக்கண்ணாடி எங்கே என்று கேட்டு அழைத்தவன் நான்தான்.

கூட வேலை செய்பவருக்குப் போன் செய்து பதிவேட்டைப் படிக்கச் சொன்னாள். ஒரு மாத்திரை, பத்துப் பொட்டலம் என்றார் அவர். பேப்பர் ஓரத்தில் ஏறிப் போட்டாள். இருபத்தைந்து பத்து, இருநூற்றைம்பது. மூன்று இடம் தள்ளினால் கால் மில்லி. சரியாகத்தான் வந்தது.

"சரியாப் போச்சுல்ல? உக்காரு. டீ ஆறுது."

"அம்மாக்காரி போன எடுக்க மாட்டேங்கிறா. ஆறு மணிக்கு முதல் வேளை. பொட்டலத்த ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குப் பைத்தியம்தான் புடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்கூட்டரை எடுத்தேன். பதிவேட்டில் இருந்த விலாசத்தையும் அவரிடமே கேட்டுக்கொண்டு போனோம். வழியெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் அவள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. கதவு திறந்தே கிடந்தது. தொட்டிலில் குழந்தை. பக்கத்தில் ஸ்டூலின் மேல் ஒரு கரண்டி. அதன் குழிவில் வெள்ளைத் தூள், கீழே பிரித்துப்போட்ட மூன்று காகிதங்கள். நாலாவது பொட்டலம் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

"அக்கா, நீங்களா? ஒரு பொட்டலத்துல ஒண்ணுமே இல்லையேக்கா. ஒரு சிட்டிகை கூடத் தேறல. புள்ள மூச்சு வாங்குது. அதான் நாலையும் சேத்துக் குடுத்துடலாம்னு..."

என் மனைவி திட்டவில்லை. கரண்டியை வாங்கித் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். நாலாவது பொட்டலத்தைப் பிரித்து, தாய்ப்பாலில் கரைத்து, அவளே புகட்டினாள்.

"கண்ணுக்குத் தெரியறது அவ்வளவும் சர்க்கரைம்மா. மருந்து தெரியாது. வேளைக்கு ஒண்ணுதான், மறந்துடாத. கொட்டின மூணுக்கு நாளைக்கு வேற தர்றேன்."

அந்தப் பெண் கழுவிய கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முப்பது டன் லாரிகளை நிறுக்கிற நான், கீழே கிடந்த மூன்று காகிதங்களையும் பொறுக்கினேன். கையில் எடையே தெரியவில்லை.

கீழே வந்து வண்டியை எடுத்தேன். இவள் ஏறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அதான் நல்லபடியா முடிஞ்சுதே. உன் கணக்கும் தப்பில்ல. இப்ப ஏன் அழற?"

"இன்னைக்கு ஏழு குழந்தைக்குக் கட்டினேங்க. மத்த ஆறு வீட்டுலயும் எத்தன பொட்டலத்தப் பிரிச்சிருப்பாங்க?"

பையிலிருந்து போனை எடுத்தாள். நான் வண்டியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நம்பரச் சொல்லு," என்றேன். "பாதிய நான் போடறேன்."