நான் சொல்லாத கட்டி

திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டித் துடைக்கும் வேலை எனக்கு. சித்தூரிலிருந்து தினமும் பஸ். போன வருஷம் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. புளியங்கொட்டை அளவு. வலி இல்லை. வீட்டில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்ப்பார்கள் என்று கூச்சம்.

அந்த மாதமே லாட்ஜுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்களுக்கு மார்புப் புற்றுநோய் முகாம் போட்டார்கள். உடம்புச் சூட்டைக் கேமரா படம் எடுக்கும், கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும், யாரும் தொட மாட்டார்கள் என்றார்கள். எனக்கென்றே வந்தது போல இருந்தது.

வரிசையில் என்னோடு வேலை செய்கிறவள் நின்றாள். என் கட்டி அவளுக்குத் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"உள்ள போயி நீயா எதுவும் சொல்லாதக்கா. அதுவா சொல்லட்டும். அப்பத்தான் நெசமா பாக்குதா, சும்மா வெளக்கு எரிஞ்சிக்கினு கீதான்னு தெரியும்."

எனக்கும் சரியாகப் பட்டது. ஜோசியக்காரனிடம் நாங்கள் அப்படித்தான். நாமாகச் சொன்னால் அதையே திருப்பிச் சொல்வான்.

உள்ளே ஒரு பெண் செல்போனைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். கட்டி ஏதாவது உண்டா என்றாள். இல்லை என்றேன். கேமரா எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று பேப்பர் கொடுத்தார்கள்.

அவ்வளவு பெரிய மெஷினுக்குத் தெரியாததா என் விரலுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். பயம் வந்தால் பேப்பரை எடுத்துப் பார்ப்பேன். கட்டி வளர்ந்தது. ஐந்து மாதம் போனது. மேல்தோல் உள்ளே இழுத்துக்கொண்டபோதுதான் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் தொட்டுப் பார்த்தார். பேப்பரையும் படித்தார்.

"கட்டி இல்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. ஏம்மா?"

"அதுக்குத் தெரியுதான்னு பாத்தேன்."

அவர் திட்டவில்லை. இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மெஷின் என்ன சொன்னாலும் அன்றைக்கே இங்கே அனுப்பியிருப்பார்கள் என்றார். ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். கேன்சர்தான்.

மூன்று தடவை மருந்து ஏறிவிட்டது. தலையில் முடி இல்லை. கூட வேலை செய்கிறவள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். என் தலையைப் பார்த்து அழுதாள்.

"ஒன்னும் இல்லன்னு சொல்லி ஏமாத்திடுச்சேக்கா அந்த மெஷினு."

அன்றைக்கு வரிசையில் அவள் சொன்ன பேச்சு அவளுக்கு ஞாபகமே இல்லை. நான் எப்படி எடுத்துச் சொல்வேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அதை அவள் லாட்ஜ் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். திரும்ப முகாம் வந்தபோது ஒருத்தியும் போகவில்லையாம்.