பின்பக்கத்துச் சத்தம்

இன்றைக்கு நினைத்தாலும் 'அப்பாடா' என்றுதான் வாயில் வருகிறது.

கல்யாணமான புதிதில் எனக்கிருந்த ஒரே கெட்ட பழக்கம் கார். சிகரெட் கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால், வேலைக்காகக் குடியேறியிருந்த வாகடில் எங்கள் அடுக்ககத்தின் பார்க்கிங்கில் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பேன். இரண்டாயிரங்களின் நடுவில், ஐ.டி. சம்பளம் கையில் புரண்ட காலம். வண்டியோடு வந்த நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய குட்டை ஸ்பிரிங்குகளை மாட்டினேன். கார் ஒன்றரை அங்குலம் தாழும், வளைவில் சாயாது, பார்க்கவும் அம்சமாக இருக்கும். பக்கத்துப் போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நண்பன் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியோடு வந்தான். மற்றதெல்லாம் என் கைவேலை. முடித்துவிட்டுப் பெருமையாக நின்றால், வாட்ச்மேன் வந்து, "சாப், காடி பைட் கயீ க்யா?" என்று துக்கம் விசாரித்தார். வண்டி உட்கார்ந்துவிட்டதாம்!

மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். கோயம்புத்தூரிலிருந்து மாமியார் வந்திருந்தார். அடுத்த சனிக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் செம்பூரில் மைத்துனர் வீட்டுக் கிரகப்பிரவேசம். மூன்று பேரும் காரில் போவதாக ஏற்பாடு. மாமியார் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க மாப்ள, மெக்கானிக் யாரும் வந்து பாக்கலீங்களா?"

"நானே பாத்துட்டேன் அத்தை."

"நீங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க வேலை பாக்கறீங்க?"

மனைவி வேறு, "பஸ்ஸுல போயிரலாமுங்க" என்றாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் கைமேல் இவ்வளவுதானா நம்பிக்கை! ஒரு நட்டு விடாமல் மறுபடி முறுக்கிப் பார்த்துவிட்டு, கார்தான் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை எக்ஸ்பிரஸ்வேயில் ஏறும் முதல் வளைவிலேயே பின்பக்கத்தில் 'டொக்' என்றது. தடம் மாறினால் டொக். பிரேக் போட்டால் டொக். பின் ஸ்பிரிங் தன் இடத்தில் சரியாக உட்காராவிட்டால் இப்படித்தான் தட்டும் என்று படித்திருந்தேன். அப்படியே நழுவினால் என்ன ஆகும் என்றும் படித்துத் தொலைத்திருந்தேன்.

"என்னங்க சத்தம் அது?" என்றாள் மனைவி.

"ரோடு சரியில்லை" என்றேன். ரோடு கண்ணாடி மாதிரி இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். பின்சீட்டில் மாமியார் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மனைவி வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். லோனாவ்ளா தாண்டினால் மலை இறக்கம். அவமானமாவது மண்ணாவது என்று லோனாவ்ளாவுக்குள் திருப்பி, கடலைமிட்டாய் விற்கும் ஒரு சிக்கிக் கடை ஓரமாக நிறுத்தினேன்.

"நீங்க ரெண்டு பேரும் டாக்ஸி பிடிச்சுப் போங்க. உன்னை வச்சுக்கிட்டு இந்த வண்டியில மலை எறங்க எனக்குப் பயமா இருக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பைகளை இறக்கி வைத்தேன். அடியில் என்னதான் ஆகியிருக்கிறது என்று பார்க்க ஜாக்கி வேண்டும். டிக்கியின் தரைப்பலகையைத் தூக்கினேன். ஸ்டெப்னி சக்கரத்தின் குழிக்குள் மஞ்சளும் குங்குமமும் பூசிய ஒரு முழுத் தேங்காய், ஹாயாக உருண்டு கிடந்தது.

"ஐயோ, அதுவா தட்டுச்சு!" என்று மாமியார் வாயில் கை வைத்தார். "நல்லபடியாப் போய்ச் சேந்தா புள்ளையாருக்குச் சிதறுகாய் போடறேன்னு வேண்டி வச்சனுங்க. நீங்க பாத்தா மனசு கஷ்டப்படுவீங்கன்னு அடியில வச்சேன். நானும் உங்க ஸ்பிரிங்குதான் தட்டுதுன்னு நெனச்சு, ஒவ்வொரு டொக்குக்கும் அவரைத்தான் கூப்பிட்டுட்டு வந்தேன்!"

என் வேலைமேல் நம்பிக்கையில்லாமல் வைத்த காய்! கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. டிக்கி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஸ்பிரிங் நழுவவில்லை. அவளுக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை சிரித்தாள்.

"இங்கேயே உடைச்சிடலாமா அத்தை?"

"போய்ச் சேந்தாத்தானுங்க உடைக்கோணும்." காயைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜாக்கி போட்டு, ஸ்பிரிங்குகள் சரியாக இருப்பதை நான் பார்த்து முடித்ததும், கார் ஏறப் போனவர் நின்றார். "சத்தம் கேட்டதும் நிறுத்தி எறக்கி விட்டீங்க பாருங்க மாப்ள. இப்படிப்பட்ட ஆளுன்னு தெரிஞ்சிருந்தா காயே வேண்டியிருக்க மாட்டனுங்க."

மலை இறக்கத்தில் கார் மூச்சுவிடவில்லை. வளைவுக்கு வளைவு ரோட்டை ஒட்டிக்கொண்டு இறங்கியது. கண்ணாடியில் பார்த்தேன். மனைவி தூங்கிப்போயிருந்தாள்.

செம்பூர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் காயை நான் வாங்கப் போனேன். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் காய் உடைக்கக் கூடாதென்று மாமியார் கையைத் தட்டிவிட்டு, மகனிடம் கொடுத்தார். மைத்துனர் ஓங்கிப் போட்டார். சிதறிய சில்லுகளில் பெரியதாக ஒன்றை மாமியாரே குனிந்து எடுத்து, மண்ணை முந்தானையில் துடைத்து, "வண்டி ஓட்டுனவருக்கு" என்று என் கையில் கொடுத்தார்.