அரை டேங்க்கும் பாதி சோப்பும்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் பாதி துணி சோப்பு ஒன்று கிடக்கிறது. நீல நிறம். ஒரு முனையில் கட்டைவிரல் திரும்பத் திரும்பத் தோண்டிய பள்ளம். அதை நான் முதலில் பார்த்தது ஒரு காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள். ஏதோ ஒரு காலை, முகம் துடைக்கத் துணி தேடித் திறந்தேன். உள்ளே ஆர்.சி. புத்தகத்தின் நகல், பத்தாம் நம்பர் ஸ்பேனர், ஒரு சீப்பு, காய்ந்துபோன எலுமிச்சம்பழம், இந்தச் சோப்பு. எதைப் பார்த்தாலும் மனதுக்குள் வரிசையாக எழுதிக்கொள்வது என் பழக்கம். சோப்பு கை கழுவ என்று எழுதிக்கொண்டு பெட்டியை மூடிவிட்டேன். அந்த ஐந்து பொருள்களில் இரண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் போதும், பின்னால் நடந்த எதுவும் நடந்திருக்காது.

கார் எங்கள் டிரைவர் அண்ணனுடையது. அவர் சேரப்பணஞ்சேரிக்காரர். கம்பெனி பஸ் எங்கள் தெருப்பக்கம் வராததால், படப்பையில் அறை எடுத்துத் தங்கியிருந்த நானும் இன்னும் இரண்டு பெண்களும் சேர்ந்து அவரை மாத வாடகைக்குப் பேசியிருந்தோம். காலையில் ஒரகடம் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றிக்கொள்வார். நாற்பது வயது இருக்கும். யாரையும் காக்க வைக்கமாட்டார். எங்களுடன் வந்தவர்களில் ஒருவர் அசெம்பிளி லைனில் வேலை பார்த்த 'லைன் அக்கா'; படப்பையிலேயே பிறந்தவர், வாய் சும்மா இருக்காது. "இன்னாண்ணா, வண்டி மூக்கால அழுவுது" என்பார். "உன்ன ஏத்திகினு போறதுக்கு அது சிரிக்குமா?" என்று அண்ணன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொல்வார். நான் விருதுநகர்க்காரி, 'அண்ணே' என்று கூப்பிடுவேன். அந்த ஒரு எழுத்துக்காகவே என்னை 'மதுர மேடம்' என்று வைத்துவிட்டார். மதுரைக்கும் விருதுநகருக்கும் உள்ள தூரத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

கம்பெனியில் நான் வாரண்டி பிரிவில் இருந்தேன். 2012-இல், முன்பு விற்ற ஒரு சின்னக் காரைத் திரும்ப அழைக்கும் வேலை என் கைக்கு வந்தது. ரீகால் என்பார்கள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்க்குக்கு இறங்கும் ரப்பர் குழாய், ஐந்தாறு வருட வெயிலில் இறுகி, இணைப்பில் வெடிப்பு விட்டது. டேங்க் பாதிக்குக் கீழே இருந்தால் ஒன்றும் தெரியாது. நிரப்பினால் பின்பக்க இடது சக்கரத்துக்கு மேலே கசியும். குழாயை இலவசமாக மாற்றித் தர வேண்டும், ஒரு மணி நேர வேலைகூட இல்லை. கடினமான வேலை காரைக் கண்டுபிடிப்பதுதான். முதலில் வாங்கியவர் பெயரும் முகவரியும் மட்டுமே எங்களிடம் இருந்தன. ஆறு வருடத்தில் கார் எத்தனை கை மாறியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. கடிதங்கள் 'வீடு மாறிவிட்டார்' என்ற குறிப்போடு திரும்பி வந்துகொண்டே இருந்தன. மூன்று கடிதம் திரும்பி, இரண்டு முறை போன் எடுக்கப்படாவிட்டால், அந்தக் காரின் வரியை 'தொடர்புகொள்ள இயலவில்லை' என்ற பகுதிக்கு மாற்றிச் சாம்பல் நிறம் பூச வேண்டும். அதற்குப் பிறகு அது கணக்கில் இல்லை. அந்த நிறத்தைப் பூசுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடியாத வேலை ஒன்று முடிந்த மாதிரி இருக்கும்.

அண்ணனின் காரும் அதே மாடல்தான். நான் கேட்காமல் இல்லை. "அண்ணே, கம்பெனிலருந்து லெட்டர் எதுவும் வந்துச்சா? பெட்ரோல் ஓஸ் மாத்தணும்னு?" என்று ஒரு காலை கேட்டேன். "வந்துதும்மா. மாத்தியாச்சு" என்றார், கியரை மாற்றிக்கொண்டே. சில நாட்களில் உள்ளே பெட்ரோல் வாடை வரும். பின்னால் கேன் வைத்திருந்ததாகச் சொல்வார். லைன் அக்கா ஆரஞ்சுப் பழத்தோலை இருக்கைக்குக் கீழே போட்டு வைப்பார். நான் ஜன்னலை இறக்கிவிட்டு, அலுவலகத்தில் காத்திருக்கும் பட்டியலைப் பற்றி யோசித்துக்கொண்டு போவேன். தாளில் இருப்பதைச் சரிபார்க்கப் படித்தவள் நான். உட்கார்ந்திருந்த இருக்கையைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கம்பெனியில் பூஜை. எந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஷிப்ட் முடியும்போது பொரி, கடலை, சுண்டல் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். நாலு மணிக்கு வெளியே வந்தால், வாசலுக்கு எதிரே வாடகை வண்டிகள் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. அண்ணன் பம்பரின் இரு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "வா மதுர மேடம். உனுக்குப் பொரி, எம் பொண்ணுக்கு ஃபுல் டேங்க்கு. வருசத்துல ஒரு நாளு, வவுறு ரொம்பணும்ல" என்று பானட்டைத் தட்டினார். பூஜையன்று டேங்க் நிரம்பி இருந்தால் வருடம் முழுக்க வண்டி ஓட்டத்தில் இருக்கும் என்பது அங்கே டிரைவர்கள் எல்லோரும் வைத்திருந்த நம்பிக்கை. வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவர் டேங்க்கை நிரப்புவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வெள்ளைப் பூசணியின் மேல் கற்பூரத்தைக் கொளுத்தி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் காரைச் சுற்ற ஆரம்பித்தார். மூன்று சுற்று சுற்றி, வண்டிக்கு முன்னால் போட்டு உடைக்க வேண்டும். முதல் சுற்றில் நான் கைகூப்பி நின்றிருந்தேன். இரண்டாவது சுற்று தொடங்கியபோது காற்று திரும்பி வாடை வந்தது. கண் தானாகக் கீழே போனது. பின்பக்க இடது சக்கரத்தை ஒட்டிய புழுதியில் தட்டு அகலத்துக்கு ஈரம். காலையில் கழுவிய தண்ணீர் என்று ஒரு கணம் நினைத்தேன். தண்ணீர் இதற்குள் காய்ந்திருக்கும். அந்த ஈரத்தின் விளிம்பு இன்னும் பெருகிக்கொண்டிருந்தது. அண்ணன் எதிர்ப் பக்கத்திலிருந்து பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார், வாயில் ஏதோ முணுமுணுப்பு. "அண்ணே, அத அங்கயே விடுங்க, இங்க வராதீங்க" என்றேன். பக்கத்து வண்டியில் மேளப் பாட்டு. அவர் காதில் விழவில்லை. நான் ஓடிப்போய் அவர் கையைத் தட்டிவிட்டேன்.

பூசணி தார் ரோட்டில் விழுந்து உருண்டு, வேறு யாருடைய வண்டிக்கோ முன்னால் போய்ப் பிளந்தது. கற்பூரம் தனியே தெறித்து, கொஞ்ச தூரத்தில் எரிந்து அணைந்தது. பாட்டை யாரோ நிறுத்தினார்கள். "இன்னா மேடம், நம்ம பூஜைக்கும் குவாலிட்டி செக்கா?" என்று ஒரு டிரைவர் கேட்டார். ஒருவர் சிரித்தார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அண்ணன் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தார். "சுத்து முடியாம வுழக்கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார், மெதுவாக.

நான் தரையைக் காட்டினேன். அவர் பார்த்தார், அதிரவில்லை. கதவைத் திறந்து அந்தச் சோப்பை எடுத்துக்கொண்டு, சக்கரத்தின் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். கட்டைவிரலால் சோப்பில் கொஞ்சம் தோண்டி எடுத்து, கையை உள்ளே விட்டு வெடிப்பில் அழுத்தித் தேய்த்தார். சொட்டு நின்றது. "பாத்தியா? ரெண்டு வருசமா இதான் டாக்டரு" என்றார் எழுந்து வந்து. சோப்பு பெட்ரோலில் கரையாது, வெடிப்பில் இறுகி நிற்கும். மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம்தான். அரை டேங்க்குக்கு மேல் போடுவதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். எங்கள் கம்பெனி ஆராய்ந்து கண்டுபிடித்த விஷயத்தை அவர் தானாகவே கண்டுபிடித்து, அதற்கு ஒரு ஒழுங்கும் வைத்துக்கொண்டிருந்தார். பூஜை நாளில் மட்டும் அந்த ஒழுங்கை மீறுவார். அதே நாளில்தான் நெருப்பையும் கையில் எடுப்பார்.

ஆர்.சி. நகலை வாங்கிப் பார்த்தேன். சென்னை முகவரி ஒன்றும் ஒரு பெயரும் இருந்தன. அந்தப் பெயரை நான் மூன்று உறைகளில் ஒட்டியிருந்தேன், இரண்டு முறை போனில் தேடியிருந்தேன். அந்த வரிக்குச் சாம்பல் நிறம் பூசி ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தொடர்புகொள்ள முடியாத கார் என்று எழுதி முடித்துவிட்டு, மாலையில் அதில்தான் ஏறி அறைக்குப் போயிருக்கிறேன்.

"பேரு மாத்தலம்மா. புரோக்கராண்ட வாங்கினது" என்றார் அண்ணன். "ஒர்க் ஷாப்புல போய் நின்னா வண்டி யாரதுன்னு கேப்பான். ஒயிட் போர்டுல டிரிப் ஓட்றியான்னு கேப்பான். எங்கள மாதிரி ஆளுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகையோடு வாடகைக்கு ஓட்டக்கூடாது; இத்தனை நாள் பொய் சொன்னது அதற்காகத்தான். அதெல்லாம் கேட்கமாட்டார்கள், நான் பேசுகிறேன், சேஸிஸ் நம்பர் மட்டும் போதும் என்றேன். கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. லைன் அக்காதான் முடித்து வைத்தார்: "மாத்திகினு வாண்ணா. நாளிக்கி பொட்டப்புள்ளைங்க மூணு பேரும் பத்திகினா உன் வண்டில வந்துதாம்பாங்க." அண்ணன் பானட்டை ஒரு முறை தடவினார். பிறகு சோப்பை என் கையில் வைத்தார். "இந்தா, நீ வச்சிக்க. திங்கக்கெழம வண்டிய வுட்டுட்டு வந்து வாங்கிக்கிறேன்." ஈரமும் பெட்ரோல் வாடையுமாக அதைப் பொரிப் பொட்டலத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று நாங்கள் பஸ்ஸில் போனோம்.

விடுமுறை முடிந்ததும் முதல் வேலையாகச் சாம்பல் வரியைத் திறக்கக் கேட்டேன். "அனுப்பின ரிப்போர்ட்டம்மா, ஒரு வரிக்காகத் திரும்பத் தொறக்கணுமா?" என்றார் மேனேஜர் சார். "கார் நம்ம கேட்டுக்கு வெளியதான் சார் நிக்குது" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திறந்துகொடுத்தார். படப்பை ஒர்க் ஷாப்பில் திங்கட்கிழமை பத்து மணிக்கு இடம் வாங்கினேன். குழாய் வந்து சேர்ந்ததையும் போனில் உறுதி செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை எங்களை ஏற்ற வேறு ஒருவரின் வேன் வந்தது. அண்ணன் சொல்லி அனுப்பியதாக வேன்காரர் சொன்னார். பத்து மணிக்கு ஒர்க் ஷாப்பில் கார் இல்லை. பதினொரு மணிக்கும் இல்லை. மத்தியானம் அவர் போனை எடுத்தார். "வண்டிய குடுத்துட்டேம்மா." குரலில் கோபம் இல்லை. "பூஜையில சுத்து முடியாம பூசணிக்கா வுழுந்த வண்டி. வச்சிக்க வேணாம்னு வூட்டுக்காரி ஒரே அழுவ. வாலாஜாபாத் புரோக்கராண்ட வுட்டேன், மறுநாளே போயிடுச்சி."

இரண்டு நாள் கழித்து ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் அவரைப் பிடித்தேன். எனக்கும் ஒரு டீ சொன்னார். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: "வாங்கினவங்ககிட்ட அரை டேங்க் விஷயத்தச் சொன்னீங்களாண்ணே?"

அவர் கிளாஸை ஊதினார். "சொன்னா எவம்மா வாங்குவான்?"

"சோப்பாச்சும் கொடுத்தீங்களா?"

"அதான் உங்கையில கீதே" என்றார்.

வாலாஜாபாத் புரோக்கரைத் தேடிப் போனேன். செய்யாறு பக்கத்துக்காரர் யாரோ வாங்கிப் போனதாகவும், பேப்பர் எல்லாம் முதல் ஓனர் பெயரில்தான் இருப்பதாகவும் சொன்னார். போன் நம்பர் ஒன்று கொடுத்தார், அது உபயோகத்தில் இல்லை. செய்யாறிலும் காஞ்சிபுரத்திலும் உள்ள ஒர்க் ஷாப்புகளுக்குச் சேஸிஸ் நம்பரை அனுப்பி வைத்தேன். அந்த வழியில் உள்ள பெட்ரோல் பங்க்குகளில் காரின் நம்பரைத் தாளில் எழுதி ஒட்டச் சொன்னேன். ஒருவர் ஒட்டினார். வேலை மாறும்வரை அந்த வரியை மூட விடவில்லை. ஒவ்வொரு மாதமும் மேனேஜர் சார் கேட்பார், நான் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். அண்ணன் பிறகு வேறு வண்டி வாங்கி, வேறு பெண்களை ஏற்றிப்போனார். வழியில் பார்த்தால் ஹாரன் அடிப்பார்.

நடந்ததை இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறேன். நான் கையைத் தட்டாமல் இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்பது ஒன்று. தட்டியதால் என்ன ஆனது என்பது இன்னொன்று. முதல் வரிசை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது வரிசை முடியவில்லை. அந்தக் காரின் குறையைத் தெரிந்து, அதோடு கவனமாக வாழப் பழகியிருந்தவர் ஒரே ஒருவர். அவரிடமிருந்து அதைப் பிரித்து, ஒன்றும் தெரியாத ஒருவரிடம் போகச் செய்தேன். நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். பங்க்கில் யாராவது அந்த மாடல் காரை நிறுத்தி 'ஃபுல்' என்று சொல்லும்போது மட்டும் அது போதவில்லை.

இப்போது வேறு கம்பெனியில், வல்லம் வடகாலில் இருக்கிறேன். நேற்று இங்கே ஆயுத பூஜை. வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன, கற்பூரம் ஏற்றினார்கள். எல்லோரும் பூசணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையின் பின்பக்கமாக, ஒவ்வொரு காரின் இடது சக்கரத்தையும் தரையையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். பழைய வண்டி இரண்டுதான் இருந்தது. தரை காய்ந்திருந்தது. மேசைக்குத் திரும்பி இழுப்பறையைத் திறந்தேன். சோப்பு சுருங்கி வெடித்திருக்கிறது, வாடை போய்விட்டது. கட்டைவிரல் பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அவர் கொடுத்தது. மறுபடி காகிதத்தில் சுற்றி வைத்தேன்.