பதினெட்டாவது வளைவில் இறங்கிய முள்

போன சனிக்கிழமை நான் செத்துப் பிழைத்தேன். அதுவும் பட்டப்பகலில்.

தங்கைக்கு மைசூரில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. சத்தியமங்கலத்தில் இருந்த அவளுடைய கட்டிலையும் பீரோவையும் கொண்டுவர, ஹனூர் பழனிசாமியின் பிக்அப்பைப் பேசினேன். தக்காளி ஏற்றுகிற வண்டி. ஓட்டுவது அவர், பக்கத்தில் நான்.

பண்ணாரி தாண்டி திம்பம் மலை ஏறத் தொடங்கியதும் என் கண் டேஷ்போர்டில் சிக்கிக்கொண்டது. கீழே குளிருக்கு C, மேலே சூட்டுக்கு H, இரண்டுக்கும் நடுவே ஒரு முள். பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பழனிசாமி, இன்ஜின் சூடாகுதே?"

"அதுதானுங்க டீச்சர் அதோட எடம். பாதிக்குக் கொஞ்சம் கீழ நின்னா நல்லாருக்குதுன்னு அர்த்தம். மேட்டுல கொஞ்சம் ஏறும், மறுக்கா எறங்கிக்கும். செவப்பத் தொட்டாத்தான் தப்புங்க."

சொன்னபடியே ஏறியது, இறங்கியது. ஆனால் பத்து வளைவுக்குப் பிறகு இறங்கவில்லை. பாதி... முக்கால்...

பழனிசாமி ஹீட்டரை முழுசாகத் திருகினார்.

"இந்த வெயிலுக்கு ஹீட்டரா?"

"இன்ஜின் சூட்ட நாம கொஞ்சம் வாங்கிக்கலாமுங்க. யானைக்காடு... கண்ட எடத்துல நிறுத்த முடியாது."

காலில் அனல் அடித்தது. பொறுத்துக்கொண்டேன்.

பதினெட்டாவது வளைவில் முள் சட்டென்று விழுந்தது. நேராக C-க்கே!

"ஸ்தோத்திரம்! இறங்கிடுச்சு!" என்று கத்தினேன்.

பழனிசாமி ஹீட்டர் வாயில் கை வைத்துப் பார்த்தார். குளிர்ந்த காற்று. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நல்லதில்லீங்க டீச்சர். தண்ணி பூராப் போயிருச்சு. முள்ளுக்குச் சூடு சொல்றதுக்கு உள்ள தண்ணியே இல்லீங்க."

ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். பின்னால் சரிவு, அதற்கும் பின்னால் பள்ளம். பீரோவின் கனம் வண்டியைக் கீழே இழுப்பதுபோல் இருந்தது. சக்கரத்துக்குக் கல் வைக்கக் கதவைத் திறந்தவர்... சத்தமில்லாமல் மூடினார்.

மேலே மூங்கில் மளாரென்று முறிந்தது. ஒரு பெண் யானை. காலடியில் குட்டி.

எங்கள் பானெட்டிலிருந்து ஆவி 'உஸ்ஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. நிறுத்தவும் முடியாது, மறைக்கவும் முடியாது. யானை காதை விரித்து எங்களையே பார்த்தது.

ஓடுவதா? எங்கே? ஹாரன் அடிப்பதா?

"அசையாதீங்க," என்றார், உதடு மட்டும் அசைய. பிரேக்கை மிதித்திருந்த காலை அவர் எடுக்கவில்லை. எனக்கு ஜெபம்கூட மறந்துபோயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி 'அம்மா, அம்மா' என்றுதான் வாய் முணுமுணுத்தது.

எவ்வளவு நேரமோ தெரியாது. சீறல் அடங்கியது. குட்டி அலுத்துப்போய்த் திரும்பி நடந்தது. தாய் இன்னொரு முறை பார்த்துவிட்டு அதன் பின்னால் போனது.

"கேன்ல தண்ணி இருக்கே, ரேடியேட்டர்ல ஊத்திடலாம்!" என்றேன்.

"இப்ப மூடியத் தொறந்தா மூஞ்சி வெந்துருமுங்க."

சக்கரத்துக்குக் கல்லை மட்டும் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் கழுத்து திரும்பியது. மேலிருந்து வந்த கர்நாடகா பஸ்ஸின் டிரைவர் பக்கத்தில் நிறுத்தி, "ஆனெ இதெ, பேக மாடி!" என்று, யானை இருக்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். அந்தத் துணையில்தான் பழனிசாமி இறங்கினார். கிளிப் கழன்று, ரேடியேட்டர் தண்ணீர் போகும் ரப்பர் ஹோஸ் உருவியிருந்தது. மாட்டி, தண்ணீர் ஊற்றி, மெதுவாகக் கிளப்பினார்.

"இன்னும் ரெண்டு வளைவு ஓட்டியிருந்தா இன்ஜின் போயிருக்கும்," என்றார் சாமராஜநகர் மெக்கானிக்.

டீக்கடையில் நின்று தங்கைக்கு போன் போட்டு, முள் இறங்கிய கதையைச் சொன்னேன். "டெங்குவும் அப்படித்தான்க்கா," என்றாள். "காய்ச்சல் விட்டுடுச்சுன்னு வீட்ல சந்தோஷப்படுவாங்க. நாங்க அப்போதான் பேஷன்ட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம்."

நமக்கு ஏறினால் பயப்படத் தெரிகிறது. இறங்கினால்?

பழனிசாமி வாங்கிய டீயைக் குடிக்காமல் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானையை நினைச்சா பயமா இருக்கா?" என்றேன்.

"இல்லீங்க டீச்சர். முள்ளு எறங்குனதும் நானும் ஒரு நிமிசம் சந்தோசப்பட்டுட்டனுங்க... அதை நெனச்சாத்தான் பயமாருக்குதுங்க."