சைரனுக்கு ஆகாத சொல்

மாடிக்கும் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் அலறுவார், வெளியே இருப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். லிஃப்ட் மெக்கானிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கதவில் வாயை வைத்து, "சார், வந்துட்டேன். மூச்சை நல்லா இழுத்து விடுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று ஆரம்பிப்பார். பேச்சு முடிவதற்குள் கதவு திறந்துவிடும். அடைபட்டவரின் பயத்தை இறக்கிவைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்பேர்ப்பட்டவரின் வீட்டிலேயே ஒரு ஜீவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. கட்டி முடிக்காத கட்டடத்தின் லிஃப்ட் குழியிலிருந்து அவர் தூக்கிவந்த நாய்க்குட்டி. இப்போது ஒரு வயது. அவர் வீட்டில் இருந்தால் பரம சாது. கதவைச் சாத்திவிட்டுப் போனால் போச்சு: ஊளையிடும், கதவைப் பிறாண்டும், கிடைத்த செருப்பைக் குதறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்த பெயர்தான் சைரன்.

கீழ்த்தளத்தில் இருந்த வீட்டுக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "தம்பி, உங்கமேல ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு நாய் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். வீடு என்னோடது, அதனால நான் இருக்கேன்."

மெக்கானிக் பிராணிகள் காப்பகத்தைப் போய்ப் பார்த்தார். சுத்தமான இடம், நல்ல மனிதர்கள். ஆனால் ஒவ்வொரு நாய்க்கும் தனிக் கூண்டு. தனியாக இருக்கப் பயப்படும் நாயை அங்கே விட மனசு வரவில்லை. எந்நேரமும் ஆள் இருக்கும் இடம் எது என்று தலையைச் சொறிந்தபோதுதான் முடி வளர்ந்திருப்பது கையில் தட்டுப்பட்டது. சலூன்!

சலூன்காரருக்குக் கடைக்குப் பின்னாலேயே வீடு. பெஞ்சில் முடி வெட்ட வந்தவர்களைவிட ஓசிப் பேப்பர் படிக்க வந்தவர்களே அதிகம். "கொண்டாப்பா, பார்ப்போம். ஆனா கஸ்டமர் ஓடினா நாய் காப்பகத்துக்குத்தான், சொல்லிட்டேன்," என்றார்.

மறுநாளே ஃபோன் வந்தது. "ஏம்ப்பா, இது நாயா, ஆம்புலன்ஸா? ராத்திரி எங்க கட்டிலுக்கு அடியில சமத்தாப் படுத்திருந்துச்சு. இப்ப ஆள் உள்ள வந்தா வாலாட்டுது, வெளிய போனா ஊளையிடுது. சோப்பு போட்டு உட்காரவச்ச ஆள் துள்ளிட்டார். நல்லவேளை, கத்தி என் கையில இல்ல."

மெக்கானிக் ஓடினார். பழுது எங்கே என்று தெரியாமல் அவர் எந்தத் திருகையும் தொடமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தார். ஒருவர் கழுத்தைத் தட்டிக்கொண்டு பேசாமல் வெளியேறினார். சைரன் கண்டுகொள்ளவில்லை. அடுத்தவர் வாசலில் திரும்பி, "வரேண்ணே," என்றார். அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டது.

மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டார். லிஃப்டில் சிக்கியவர் ஃபோன் செய்தால் அவர் சொல்வது, "பயப்படாதீங்க, இதோ வரேன்." பையை எடுத்துக்கொண்டு நாயிடமும், "வரேண்டா." உடனே கதவு சாத்தப்படும். அங்கே ஒருவருக்கு உயிர் வரவைக்கும் சொல், இங்கே ஒரு ஜீவனின் உயிரை எடுத்திருக்கிறது.

"அண்ணே, இதுக்கு 'வரேன்'தான் ஆகல. எல்லாரையும் 'போறேன்'னு சொல்லச் சொல்லுங்க."

பெஞ்சிலிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் பேப்பரை மடித்தார். "என் வாயால அதைச் சொல்லச் சொல்றியா? சுகர், பிரஷர் எல்லாம் இருக்குப்பா எனக்கு. போறேன்னு சொன்னா நிஜமாவே போயிடுவேன்."

சலூன்காரர் யோசித்தார். "அப்படின்னா சொல்லிச் சொல்லியே அதோட பவரை இறக்கிடுவோம்." நின்ற இடத்திலேயே நாயைப் பார்த்து, "வரேன்," என்றார். எங்கும் போகவில்லை. கத்தரியை எடுத்து வேலையைத் தொடர்ந்தார். சைரன் ஊளைக்கு வாயைத் திறந்தது, ஆள் அங்கேயே இருப்பதைப் பார்த்தது, திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது.

பெஞ்சுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. தபால்காரர் பக்கம் புரட்டும்போதெல்லாம் ஒரு "வரேன்". சோப்பு நுரைக்குள்ளிருந்து இன்னொரு "வரேன்". சலூன்காரரின் மனைவி எட்டிப் பார்த்து, "வரேன் வரேன்னு சொல்லிட்டு ஒருத்தராவது நகர்றீங்களா?" என்று அலுத்துக்கொண்டார்.

ஊளை முனகலாக மாறச் சில வாரம் பிடித்தது. சலூன்காரர் வாசல்வரை போய்த் திரும்பினார், பிறகு தெருமுனைவரை, பிறகு மார்க்கெட்வரை. கஸ்டமர் யாரும் ஓடவில்லை. நாயிடம் 'வரேன்' சொல்வதற்கென்றே சிலர் வந்தார்கள்.

ஒரு மாலை மெக்கானிக் முடி வெட்டிக்கொள்ள வந்தார். சைரன் அவர்மேல் ஏறி முகமெல்லாம் நக்கித் தீர்த்தது. பாதித் தலை முடிந்திருந்தபோது ஃபோன் அடித்தது. யாரோ லிஃப்டில் சிக்கிக்கொண்டார்கள். பெஞ்சில் எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். மற்றவர்கள் சொல்வது வேறு, இவர் சொல்வது வேறு.

"பயப்படாதீங்க... இதோ வரேன்."

பையை எடுத்தார். சைரன் எழுந்தது. வாசல்வரை கூடவே வந்தது. பையை முகர்ந்தது, அவரை அண்ணாந்து பார்த்தது, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. பிறகு திரும்பிப் போய்ச் சலூன்காரரின் செருப்பின்மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"முடிஞ்சுதுப்பா. இனி இது எங்க நாய்," என்றார் சலூன்காரர்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பும் வந்தது, உள்ளே சுருக்கென்றும் இருந்தது. "ஒரு முனகல்கூட இல்லையேண்ணே!"

"நீ வேணும்னா முனகு. அங்க ஒருத்தர் அந்தரத்துல நிக்கிறார், கிளம்பு. உன் பாதித் தலையைப் பார்த்தாலே அவருக்குப் பயம் தெளிஞ்சிடும்."